தங்கவயலும் தேயிலைத் தோட்டமும்: குடிபெயர்ந்த இரு தமிழ்ச் சமூகங்களின் நிலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய வட்டம் திங்கள்தோறும் தவறாது கூடி வருதல் எளிய செயலன்று. அதிலும் ஆலைச் சங்கொலிக்கேற்ப உண்டு உறங்கும் ஓசூர் போன்ற ஊரில் இது அரிய செயலே. இரவுப் பணியை முடித்துவிட்டு, சிவந்த கண்களோடு ஞாயிறு காலையில் வந்தமர்ந்து கவிதை கேட்டவர்களை இவ்வட்டத்தில் நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கே இவ்விழாவின் முதற் பாராட்டு உரியதாகும்.

இன்று இங்குக் கூடியிருப்போரைச் சற்று எண்ணிப் பாருங்கள். இம்மண்ணில் பிறந்து வளர்ந்தோர் சிலர். திருநெல்வேலி, மதுரை, தஞ்சை, சேலம் எனப் பல பகுதிகளிலிருந்து வேலை தேடி வந்து இங்கேயே வேரூன்றியோர் பலர். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, தமிழில் எழுதுவோரும் உளர். ஆகவே, குடிபெயர்ந்தோரைப் பற்றிப் பேச இதனினும் தகுந்த அவை வேறில்லை எனக் கருதியே இத்தலைப்பைத் தேர்ந்துகொண்டேன்.

இத்தலைப்பை எனக்குத் தந்தது நூலகம் அன்று, என் வகுப்பறையே. சில ஆண்டுகளுக்கு முன்பு இளங்கலை மாணவியரிடம், தம் பாட்டன் பாட்டியின் ஊரையும் தொழிலையும் கேட்டறிந்து இரண்டு பக்கம் எழுதி வருமாறு பணித்தேன். ஒரே இருக்கையில் அருகருகே அமர்ந்திருந்த இரு மாணவியரின் கட்டுரைகள் என்னை உறங்கவிடவில்லை. ஒருத்தியின் பாட்டனார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அவருடைய முன்னோர் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து சென்றவர்கள். மற்றொருத்தி நம் மாவட்டத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருபவள். அவள் பாட்டி இலங்கையின் மலைநாட்டில் கொழுந்து பறித்தவர். அப்பாட்டி தம் முன்னோரின் ஊரென்று ஓயாமல் சொல்லி வந்த பெயர், ஊத்தங்கரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர். முகாமிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒருநாளில் போய்த் திரும்பிவிடலாம்.

இருவரும் படிப்பை முடித்தனர். வளாகத் தேர்வுக்கு ஒரு நிறுவனத்தார் வந்தனர். நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டா. எழுத்துத் தேர்வில் முகாம் மாணவியே கூடுதல் மதிப்பெண் பெற்றாள். சான்றிதழ்களைச் சரிபார்க்கும்பொழுது அவளிடம் இருந்தது முகாம் அடையாள அட்டை. தங்கவயல் மாணவிக்கு வேலை கிடைத்தது. மற்றவளை அவர்கள் அழைக்கவே இல்லை. தோழிக்காக அவள் இனிப்பு வாங்கி வந்து வகுப்பில் பகிர்ந்தாள். ஒரே வறட்சியில் ஒரே நிலப்பகுதியிலிருந்து புறப்பட்ட இரு குடும்பங்களின் பேர்த்திகள், நான்கைந்து தலைமுறைக்குப் பின் ஒரே இருக்கையில் அமர்ந்தும், ஒரே வாயிலில் நுழைய இயலாமற் போனது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரே பஞ்சம், இரு பாதைகள்

கிருஷ்ணகிரியும் ஓசூரும் 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தவை. பின்னர்த் தருமபுரி மாவட்டத்தில் இருந்தன. 2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. அப்பழைய சேலம் மாவட்டத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என நம் முதியோர் வழிவழியாகச் சொல்லி வந்தனர். 1871இல் ஏறத்தாழ 20 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்தது. மாண்டவர் பலர், ஊரைவிட்டு அகன்றவர் பலர்.

அகன்றவர்க்கு அக்காலத்தில் திறந்திருந்த வழிகள் சிலவே. அவற்றுள் ஒன்று கிழக்கே கடற்கரை சென்று கப்பலேறி இலங்கை, மலேயா, பர்மா முதலிய நாடுகளுக்குச் செல்வது. மற்றொன்று மேற்கே மைசூர் நாட்டுக்குள் புகுவது. 1870களில் லாவெல் என்னும் ஐரிஷ் நாட்டு முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் கோலார்ப் பகுதியில் தங்கம் தேட உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குக் கால்வைத்தது. பாறையைக் குடைந்து ஆழத்தில் இறங்க ஆட்கள் தேவைப்பட்டனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பெரும்பான்மையும் ஒடுக்கப்பட்ட மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்றனர்.

இலங்கைக்கு இதற்கும் அரை நூற்றாண்டு முன்னரே, 1820களில், காப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் செல்லத் தொடங்கினர். 1869இல் இலைநோய் கண்டு காப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவக் கூலிகள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். ஆகவே போனவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கினர். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை ஆகியவற்றோடு சேலமும் அவர்கள் புறப்பட்ட இடங்களுள் ஒன்று.

ஆக, இரு சாராரும் புறப்பட்ட நிலை ஒன்றே. நிலமின்மை, சாதிக் கொடுமை, பஞ்சம் ஆகிய மூன்றுமே அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. இவ்வொற்றுமையை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வரும் வேற்றுமையின் காரணம் விளங்காது.

கூலியும் குடியிருப்பும்

இரு இடங்களிலும் தொழில்முறையிலும் வியத்தகு ஒப்புமை உண்டு. மலைநாட்டில் ஆள் சேர்த்தவர் கங்காணி. தங்கவயலில் ஆள் சேர்த்தவர் ஒப்பந்தக்காரரும் மேஸ்திரியும். இருவரும் முன்பணம் தந்தே ஆளைப் பிடித்தனர். தோட்டத்தில் ‘துண்டு’ என்னும் கடன்சீட்டு ஒன்று இருந்தது. கங்காணிக்குத் தர வேண்டிய கடன் இவ்வளவென்று அதில் எழுதப்பட்டிருக்கும். அதைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டம் போக இயலாது. 1921இல்தான் இம்முறை சட்டப்படி ஒழிந்தது.

குடியிருப்பும் அத்தகையதே. மலைநாட்டில் ‘லயம்’ என்றும் தங்கவயலில் ‘லைன்’ என்றும் வழங்குவது வரிசை வீடுகளைக் குறித்த ஒரே ஆங்கிலச் சொல்லின் இருவேறு தமிழ் வடிவங்களாகும். மலையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஓர் அறை. அதில் மூன்று தலைமுறை. தங்கவயலில் தொடக்கத்தில் மூங்கில் தட்டிகளால் மறைத்த ஒற்றையறைக் குடிசை. சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902லேயே சுரங்கத்திற்கு வந்துவிட்டது. பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905இல். பொன்னுக்குக் கிடைத்த முதன்மை அப்பொன்னை எடுத்தவனுடைய குடிசைக்குக் கிடைக்கவில்லை.

தொழிலின் இடர்ப்பாட்டை ஒப்பிட்டால் சுரங்கமே கொடியது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை அங்கே மனிதர் இறங்கினர். பாறை வெடித்துச் சரிந்து மாண்டோரும், கல்துகள் நுரையீரலில் படிந்து இருமியே இறந்தோரும் இல்லாத குடும்பம் அங்கு அரிது. தேயிலை மலையில் அட்டைக்கடியும் குளிரும் பனியும் உண்டெனினும், அது மண்ணுக்கு மேல் நிகழ்வது. ஆகவே தொழிலின் கடுமையால் ஒரு சமூகம் பின்தங்கியது என்பார் கூற்றுப் பொருந்தாது. அவ்வாறாயின் தங்கவயலாரன்றோ பின்தங்கியிருக்க வேண்டும்?

எழுத்தும் சங்கமும்

அறிவு வேட்கையில் குறைவு என்பாரும் உளர். இக்கூற்றையும் வரலாறு மறுக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அதன் உறுதியான வாசகர்களும் புரவலர்களும் தங்கவயலில் இருந்தனர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை இயங்கியது. 1914இல் பண்டிதர் மறைந்து சில ஆண்டுகளில் நின்றுபோன ‘தமிழன்’, 1926இல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. பகலில் பாறை உடைத்தவர்கள் இரவில் இதழ் படித்தனர். படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துக் காட்டினர். சித்தார்த்தா புத்தகசாலை என்னும் பெயரில் அங்கு நூல்களும் அச்சாயின. தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுதுவோர் சென்னையோடு நின்றுவிடாமல் இச்சுரங்கநகரையும் பார்க்க வேண்டும்.

மலைநாட்டிலும் இதற்கு இணையான முயற்சி நிகழ்ந்தது. தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ இதழை நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாக்கி, அவர்கள் நடுவில் நின்று பாடினார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அப்பாட்டைக் கேட்டே அரசியல் கற்றனர். பின்னர்ச் சி.வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தார்; தெளிவத்தை ஜோசப் அவர்கள் வாழ்வைச் சிறுகதையிலும் நாவலிலும் பதித்தார். நம் பக்கத்திலிருந்து புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதினார்.

போராட்டத்திலும் இருவரும் ஒருவர்க்கொருவர் சளைத்தவரல்லர். 1930இல் கைரேகைப் பதிவுமுறையை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1946 வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். மலைநாட்டில் 1940ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆக, அறிவு, துணிவு, ஒற்றுமை ஆகிய எதிலும் இரு சமூகங்களும் ஏறத்தாழ ஒரே நிலையிலேயே 1947ஐ அடைந்தன.

பாதை பிரிந்த இடம்

1947க்குப் பின்னரே பாதை பிரிகிறது. அன்பர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறேன்.

இலங்கையில் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். மேற்சொன்ன சி.வி. வேலுப்பிள்ளையும் அவருள் ஒருவர். அடுத்த ஆண்டே, 1948இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்பதற்கோ, பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தவர் என்பதற்கோ சான்று கேட்டது அச்சட்டம். லயத்து அறையில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. ஒரு தலைமுறை நாடற்றோர் ஆயிற்று. 1946இல் இலங்கை மக்களுள் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்த ஒரு சமூகத்திற்கு, 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரைப் பற்றிய உடன்படிக்கை அது. அவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் முடிவு செய்தனர். அம்மக்களிடம் அவர்கள் கருத்தை ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று குடும்பங்கள் பிரிந்தன. மூன்று லட்சத்திற்கு மேற்பட்டோர் இந்தியா வந்தனர். அவருள் ஒரு பகுதியினர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தே பறித்தனர். 1984இல் கப்பல் நின்றதும் அவ்வரவும் நின்றது. இலங்கையில் எஞ்சியோர் அனைவர்க்கும் குடியுரிமை கிடைக்க 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் தேவைப்பட்டன. 1948இலிருந்து 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் தங்கவயலில் நிகழ்ந்தது என்ன? எல்லைக்கு அப்பால் இருந்தாலும் அவர்கள் இந்தியக் குடிமக்களே. 1952ஆம் ஆண்டின் முதற் பொதுத்தேர்தலிலேயே வாக்களித்தனர். குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவரையும், தமிழகக் கட்சியான அ.இ.அ.தி.மு.க.வைச் சேர்ந்தவரையும் கருநாடகச் சட்டமன்றத்திற்கு அனுப்பிய தொகுதி அது. மொழியால் சிறுபான்மையினராயினும் அமைச்சர்கள் அவர்கள் தெருவுக்கு வந்தே ஆக வேண்டியிருந்தது. பள்ளி கேட்டனர், கிடைத்தது. மருத்துவமனையும் இடஒதுக்கீடும் கிடைத்தன. ஊர் பக்கத்தில் இருந்தமையால் திருவிழாவுக்கும் திருமணத்திற்கும் தொடர்வண்டியேறி வந்துபோயினர், உறவு அறுபடவில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடலின் அகலம் சிறிதேயாயினும், சட்டம் அதைப் பெருங்கடலாக்கிவிட்டது.

இங்ஙனம் கூறுவதால் தங்கவயலார் இன்பத்தில் திளைத்தனர் எனக் கொள்ளற்க. 1991ஆம் ஆண்டு காவிரிச் சிக்கலின்போது கருநாடகத் தமிழர் அடைந்த அச்சத்தை எல்லையில் வாழும் நாம் கண்கூடாகக் கண்டோம். தமிழ்வழிப் பள்ளிகள் அங்கு மெலிந்து வருவதும் உண்மை. ஆயினும் அடிபட்டவன் காவல்நிலையத்தில் முறையிடலாம், நீதிமன்றம் செல்லலாம், அடுத்த தேர்தலில் பழிதீர்க்கலாம். மலைநாட்டானுக்கு 1958இலும் 1977இலும் 1983இலும் அடி விழுந்தபோது அவன் தொழிலாளியாகக் கணக்கிடப்பட்டானே ஒழியக் குடிமகனாகக் கணக்கிடப்படவில்லை.

சுரங்கம் மூடியபின்

ஒரு சமூகம் உண்மையில் எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதை அதற்கு நேரும் பேரிழப்பிலேயே அளவிட இயலும். தங்கவயலுக்கு அப்பேரிழப்பு 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் வந்தது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் தந்த சுரங்கத்தை அன்று மூடினர். சுரங்கத்தையே நம்பியிருந்தோர் அனைவரும் ஒரே நாளில் வேலையிழந்தனர். வீடும் நிறுவனத்தினுடையதே. குடியிருந்த வீட்டைத் தம் பெயருக்கு மாற்றித் தரவேண்டும் என்னும் கோரிக்கையை முன்னாள் தொழிலாளர் நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளனர். ஊரையொட்டி மலைபோல் குவிந்த சயனைடு மண்மேடு காற்றடிக்கும்போதெல்லாம் வீடுகளுக்குள் தூசியாய் இறங்குகிறது.

ஆயினும் அவ்வூர் அழியவில்லை. வைகறையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு செல்லும் தொடர்வண்டியைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். ஆயிரக்கணக்கானோர் நின்றுகொண்டும் தொங்கிக்கொண்டும் நாள்தோறும் சென்று திரும்புகின்றனர். பின்னலாடை ஆலையில் தைப்பவர், கட்டடம் கட்டுபவர், அலுவலகத்தைத் துடைப்பவர், அதே அலுவலகத்தில் கணிப்பொறி முன் அமர்பவர் என எல்லாரும் அவ்வண்டியில் உளர். துன்பமான பயணந்தான். ஆனால் அவ்வண்டியில் ஏற எவருடைய இசைவும் வேண்டியதில்லை. பள்ளிச் சான்றிதழும் வாக்காளர் அட்டையும் உள்ளவனுக்கு இன்னொரு வேலையைத் தேடும் உரிமை இருந்தது. சுரங்கம் அவர்களுடைய வேலையைத்தான் பறிக்க இயன்றது.

மலைநாட்டிலோ தேயிலைத் தொழில் நிற்கவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கைக்குச் சென்றது. தொழில் இருந்தும் வாழ்வு உயரவில்லை. நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்னும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்திற்குப் பின் 2021இல்தான் நிறைவேறியது. தோட்டப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளாக மாறியதே 1970களில்தான். நகரம், நாட்டுப்புறம், தோட்டம் என இலங்கை அரசு பிரிக்கும் மூன்று பிரிவுகளுள் வறுமை மிகுந்தது தோட்டப் பிரிவே. ஒரு குடும்பத்திற்கு ஏழு பேர்ச்சஸ் நிலமும் தனி வீடும் என்னும் திட்டம் அண்மைக் காலத்தில் தொடங்கியது. இந்திய உதவியோடு முதற்கட்டமாக 4,000 வீடுகள் கட்டப்பட்டன. ஏழு பேர்ச்சஸ் என்பது நம் கணக்கில் நான்கு செண்டுக்கும் சற்று அதிகம். இருநூறு ஆண்டு உழைப்பிற்கு நான்கு செண்டு!

இன்று மலைநாட்டிலிருந்து ஆசிரியர், வழக்கறிஞர், மருத்துவர், பேராசிரியர், எழுத்தாளர் எனப் பலர் எழுந்துள்ளனர். உரிமை கிடைத்தவுடன் அவர்கள் எழுந்த விரைவு வியப்புக்குரியது. அவ்விரைவே, முன்னர் அவர்களை வீழ்த்தியது இயலாமையன்று என்பதற்குச் சான்றாகும்.

பெண்களின் கணக்கு

ஒரு பெண்ணாக நான் இங்கே சொல்லாமல் விட முடியாத ஒன்றுண்டு. சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கியவன் ஆண். ஆகவே தங்கவயலின் புகழும் துயரும் ஆணின் பெயராலேயே எழுதப்பட்டன. தேயிலையிலோ கொழுந்து பறிப்பவள் பெண். நாட்டின் அன்னியச் செலாவணியை அவள் விரல்கள் ஈட்டின. ஆயினும் 1984 வரை அவளுடைய நாட்கூலி ஆணின் கூலியினும் குறைவு. விடியலில் பிரட்டுக்குப் போகுமுன் சமைத்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டு, மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பியவள் அவள்.

சுரங்கம் மூடியபின் தங்கவயலில் குடும்பத்தைத் தாங்கியோரும் பெண்களே. கணவன் வேலையிழந்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபோது, அதுவரை ஊரைவிட்டு வெளியே சென்றறியாத மனைவி தொடர்வண்டியேறினாள். என் மாணவியின் தாயார் அவ்வாறு ஏறியவருள் ஒருவர். பதினெட்டு ஆண்டுகள் தையல் ஆலைக்குச் சென்று மகளைப் படிக்கவைத்தார். பின்னர் அக்குடும்பம் ஓசூருக்கே குடிவந்தது.

மற்ற மாணவியின் பாட்டி 1977 வன்செயலுக்குப் பின் மலையைவிட்டு வவுனியாப் பக்கம் சென்றார். 1990இல் போர் துரத்த, படகேறி இராமேசுவரம் வந்தார். மண்டபம் முகாமில் சில நாள். அங்கிருந்து நம் மாவட்டம். மண்டபத்தின் வழியாகத்தான் அவருடைய முன்னோரும் போயிருக்கக்கூடும். போனவர்க்கு அன்று கூலி என்று பெயர். திரும்பியவர்க்கு அகதி என்று பெயர். பேர்த்தி இம்மண்ணிலேயே பிறந்தாள். ஆனால் 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர்க்குப் பிறப்பு மட்டுமே இந்தியக் குடியுரிமை தராது. பெற்றோருள் ஒருவரேனும் குடியுரிமை உடையவராதல் வேண்டும். முன்னோரின் ஊருக்குப் பக்கத்திலேயே அவள் அயல்நாட்டவளாக வாழ்கிறாள். மலையகத் தமிழ் மரபினர் சிலர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களை மைய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் கூறியது. அக்கூற்று அவள் போன்றோர்க்கு ஒரு நம்பிக்கை. ஆயினும் நம்பிக்கையைச் சான்றிதழாகக் காட்டி வேலை பெற இயலாது.

நமக்கு என்ன?

அன்பர்களே, இவ்வொப்பீட்டால் நான் பெற்ற முடிவு ஒன்றே. குடிபெயர்ந்தவன் பெறும் கூலி அவனுடைய வாழ்நாளைத் தீர்மானிக்கிறது. அவனுடைய பேரக்குழந்தையின் வாழ்வைத் தீர்மானிப்பன குடியுரிமை, பள்ளி, தன் பெயரில் ஒரு கூரை ஆகிய மூன்றுமே. தங்கவயலார்க்கு முதல் இரண்டும் கிடைத்தன, மூன்றாவது கிடைக்கவில்லை. ஆகவே சுரங்கம் மூடியபோது தடுமாறினர், ஆனால் மீண்டனர். மலைநாட்டார்க்கு மூன்றும் மறுக்கப்பட்டன. ஆகவே தொழில் நடந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் தாழ்ந்தனர்.

இதை ஓசூரில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1970களில் இங்குச் சிப்காட் வந்தது. அதன்பின் வாகன ஆலைகளும் கடிகார ஆலையும் வந்தன. இன்று மின்னணு ஆலைகள் வந்துள்ளன. அன்று தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இன்று வீடுகட்டி, இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்றும் கிடைத்தன. ஆனால் இப்பொழுது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வந்து, ஓரறையில் எண்மராய்த் தகரக் கூரையின் கீழ் முறைவைத்து உறங்குகிறார்களே, அவர்கள் இருப்பதும் லயந்தான். அவர்களை அழைத்து வந்த ஒப்பந்தக்காரர் கங்காணியின் பேரனே. அவர்கள் குழந்தைகளைக் கட்டட வேலை நடக்குமிடத்து மணற்குவியலில் விளையாடக் காண்கிறோம். நம் பள்ளிக்கூடத்தில் காண்கிறோமா? அவர்கள் மொழி நமக்குத் தெரியவில்லை என்று ஒதுங்கிவிடுகிறோம். நம் முன்னோரின் மொழியும் அங்கிருந்த துரைக்குத் தெரியவில்லைதான்.

இலக்கிய வட்டம் இதில் என்ன செய்ய இயலும் என வினவலாம். சட்டம் இயற்ற நம்மால் இயலாது. எழுதி வைக்க இயலும். தங்கவயல் இங்கிருந்து தொலைவில் இல்லை. காலையில் புறப்பட்டால் உச்சிப்பொழுதுக்குள் சேர்ந்துவிடலாம். ஆழத்தில் இறங்கிய கடைசித் தலைமுறையினர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களுடைய சொற்களும் பாட்டுகளும் அவர்களோடு மறைந்துவிடும். முகாமில் உள்ள பாட்டிமார்க்குத் தேயிலைத் தோட்டத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் தெரியும். வரும் ஆண்டில் இவ்வட்டம் இவ்விரு இடங்களுக்கும் சென்று, அம்முதியோர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, நூலாக்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். நம் திங்கட்கூட்டங்களுள் ஒன்றிலேனும் இங்குள்ள ஒடியத் தொழிலாளி ஒருவரை அழைத்து, அவர் பாட்டை அவர் மொழியிலேயே கேட்க வேண்டும் என்பது இரண்டாவது.

மூன்றாவது வேண்டுகோள் இங்கே வந்திருக்கும் தொழிற்சாலை அலுவலர்களுக்கு உரியது. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒரு பெண் முகாம் அட்டையை நீட்டினால், கோப்பை மூடுமுன், அவளைச் சட்டப்படி அமர்த்துவதற்கு எவ்வளவு இடமுண்டு என்று ஒருமுறை கேட்டறியுங்கள்.

அந்த மாணவி இப்பொழுது கிருஷ்ணகிரியில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறாள். சென்ற பொங்கலுக்கு என்னைக் காண வந்தாள். பாட்டியை அழைத்துக்கொண்டு, ஊத்தங்கரைப் பக்கத்து அந்தச் சிற்றூருக்குப் போய் வந்ததாகச் சொன்னாள். அங்கே உறவென்று எவரும் இல்லை. குலதெய்வக் கோயில் மட்டும் இருந்ததாம். பாட்டி அங்கே ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாராம். “ஆற்று மண்ணை எடுத்து முடிவதால் என்ன பயன் என்று கேட்டேன் அம்மா, ‘இந்த அளவாவது நம் பெயரில் இருக்கட்டும்’ என்றார்” எனச் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.